கரிய மணலும் வெண்பொடியும்: தைத்தேனியம் ஒட்சிபுளோரைட்டின் அமைப்பும் ஆக்கமும்

தலைமன்னார் என்றவுடன் நம்மவர் பலர்க்கு நினைவில் எழுவன இரும்புத் துறைமேடையும், வெளிச்சவீடும், தனுக்கோடிக்குச் சென்ற கப்பலுமாம். 1914 ஆம் ஆண்டிலே தொடங்கிய அக்கப்பல்வழி, 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலில் தனுக்கோடி அழிந்ததோடு முடிவெய்தியது. அவ்வழியே சென்றோரும் வந்தோருமாக எண்ணிறந்த மக்கள் மிதித்து நடந்த மணலைப் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலரே. இந்நாளிலோ அம்மணலே மன்னார்த் தீவின் பேச்சாகிவிட்டது. இல்மனைற்று, தைத்தேனியம் என்னுஞ் சொற்கள் மீன்வாடியிலும் தேநீர்க்கடையிலும் வழங்குகின்றன. ஆயினும் அச்சொற்கள் குறிக்கும் பொருள் யாது, அப்பொருளினின்று ஆக்கப்படுவன எவை என்று தமிழில் எடுத்துரைப்பார் அருகியே உளர்.

ஆதலின் தைத்தேனியத்தின் சேர்வைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் அமைப்பையும் அதனை ஆக்கும் முறைகளையும் இவ்விழா மலரிலே விளக்க முற்படுகின்றோம். அச்சேர்வை தைத்தேனியம் ஒட்சிபுளோரைட்டு என்பதாம். இது தலைமன்னாரில் ஆக்கப்படுவதன்று. இதன் உலோகமே அவ்வூர் மணலில் உள்ளது. தமிழாசிரியராகிய எமக்கு இரசாயனத்தில் என்ன வேலை என வினவுவாரும் இருத்தல் கூடும். ஒரு துறையை அத்துறையார் மாத்திரம் அறிந்த மொழியில் விட்டுவைத்தல், அத்துறை பற்றிய முடிவுகளையும் அவரிடமே விட்டுவைத்தலாகும் என்பதே எமது விடை.

மணலில் மறைந்த உலோகம்

தலைமன்னார்க் கரையிலே அலை பின்வாங்கிய இடத்தில் வெண்மணலுக்கிடையே கரிய கோடுகள் படிந்திருத்தலைக் காணலாம். அவை அழுக்கல்ல, பாரமான கனியங்களின் படிவு. தீவின் மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன், கார்னெற்று முதலிய பாரக் கனியங்கள் கலந்துள்ளன. உள்நாட்டுத் தொல்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைவுற, அச்சிதைவுகளை ஆறுகள் கடலிற் சேர்க்க, அலையும் நீரோட்டமும் அவற்றைக் கரையில் ஒதுக்கின. சாதாரண மணலாகிய குவாட்சு நீரைப்போல் ஏறக்குறைய 2.65 மடங்கு பாரமுடையது; இல்மனைற்றோ ஏறக்குறைய 4.7 மடங்கு பாரமுடையது. எனவே அலை மீளும்போது இலேசான வெண்மணல் அடித்துச் செல்லப்பட, பாரமான கருமணல் தங்கிவிடுகின்றது. சுளகிற் புடைக்குங்கால் பதர் பறக்க நெல் நிற்றல் போன்றதே இச்செயல்.

இல்மனைற்று என்பது இரும்பு ஒன்று, தைத்தேனியம் ஒன்று, ஒட்சிசன் மூன்று என்ற விகிதத்தில் அமைந்த கனியம். தூய இல்மனைற்றின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 53 பங்கு தைத்தேனியவீரொட்சைட்டு எனக் கணக்கிடலாம். தைத்தேனியம் என்னும் மூலகம் முதன்முதற் கண்டறியப்பட்டதும் இத்தகைய கருமணலிலேதான். இங்கிலாந்தின் கோர்ண்வால் நாட்டிலே வில்லியம் கிரகோர் என்னும் பாதிரியார், காந்தத்தால் ஈர்க்கப்பட்ட கரிய மணலை ஆராய்ந்து, அதனுள் அறியப்படாத ஓர் உலோகம் உண்டென 1791 ஆம் ஆண்டில் அறிவித்தார். 1795 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் கிளாப்புரோத்து உரூத்தைலிலும் அதே மூலகத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்துத் தைத்தான்களின் பெயரால் அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார்.

நம் சேர்வையின் மற்றோர் உறுப்பாகிய புளோரினை அடக்கிப் பிரித்தல் அத்துணை எளிதாயிருக்கவில்லை. புளோரைற்று என்னுங் கல்லைச் சல்பூரிக்கமிலத்துடன் சூடாக்கின் ஐதரோபுளோரிக்கமிலம் பிறக்கும். அவ்வமிலத்தை 1771 ஆம் ஆண்டிலே சீலே என்பார் ஆராய்ந்தார். ஆயினும் புளோரினைத் தனி மூலகமாகப் பெறுதற்கு நூறாண்டுக்கு மேற் சென்றது. 1886 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி முவாசான் அதனைச் செய்து முடித்தார். 1906 ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். மற்றை மூலகங்களினின்று இலத்திரனைக் கவர்வதிற் புளோரினுக்கு நிகரானது வேறில்லை. அதற்கு அடுத்த நிலையிலுள்ளது ஒட்சிசன். இவ்விரண்டும் ஓர் உலோகத்தைப் பங்கிட்டுக்கொண்ட நிலையே ஒட்சிபுளோரைட்டு.

ஏற்றக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

இச்சேர்வையில் தைத்தேனியம் ஒன்றுக்கு ஒட்சிசன் ஒன்றும் புளோரின் இரண்டும் உள்ளன. ஏன் இவ்விகிதம் என்பதற்கு யாப்பிலக்கணங் கற்றார் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்க ஒரு கணக்குண்டு. தைத்தேனிய அயன் நான்கு நேரேற்றம் உடையது. ஒட்சிசன் அயன் இரண்டு எதிரேற்றமும், புளோரின் அயன் ஓர் எதிரேற்றமும் உடையன. நேரும் எதிரும் சமனாதல் வேண்டும். ஒட்சிசனை இரண்டு மாத்திரையுடைய நெடிலாகவும், புளோரினை ஒரு மாத்திரையுடைய குறிலாகவும் கொள்க. தைத்தேனியம் கேட்பது நான்கு மாத்திரை.

'மாமா' என்ற சொல்லில் நெடில் இரண்டு; மாத்திரை நான்கு. இது தைத்தேனியவீரொட்சைட்டுக்கு ஒப்பு. 'கருவிழி' என்பதிற் குறில் நான்கு, மாத்திரையும் நான்கு. இது தைத்தேனியநாற்புளோரைட்டுக்கு ஒப்பு. 'காவிரி' என்பதில் நெடில் ஒன்று, குறில் இரண்டு. மாத்திரை அதே நான்கு. இதுவே நம் ஒட்சிபுளோரைட்டு. ஆகவே இது ஒட்சைட்டுக்கும் புளோரைட்டுக்கும் இடைநின்ற சேர்வை என்பது தெளிவாகும். நயோபியம் என்னும் உலோகமோ ஐந்து ஏற்றம் உடையது. அதன் ஒட்சிபுளோரைட்டில் ஒட்சிசன் இரண்டும் புளோரின் ஒன்றும் அமைதல் இக்கணக்கின்படியேயாம்.

பளிங்கின் அமைப்பு

இனி, இவ்வணுக்கள் பளிங்கினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கூறுவாம். அமெரிக்க அறிஞர் வோறசும் டொனகுவும் எக்ஸ்-கதிர் கொண்டு இதனை ஆராய்ந்து, தாம் கண்ட அமைப்பை 1955 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நயோபியம், தந்தலம் என்பனவற்றின் ஒட்சிபுளோரைட்டுகளும் அத்தகைய அமைப்பினவே என்பதை மறுவாண்டில் பிரெவெல், றின் ஆகியோர் காட்டினர்.

மீன்வலையை மனத்திற் கொள்க. வலையிற் கயிறுகள் முடிச்சுகளிற் கூடுகின்றன. முடிச்சுகளுக்கிடையே சதுரக் கண்கள் உள்ளன. தட்டையான அவ்வலைகள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக ஒரே அளவு இடைவெளியில் விரித்து, மேல்வலை முடிச்சையும் கீழ்வலை முடிச்சையும் நிலைக்குத்தான கயிற்றாற் பிணைத்தால், கனசதுர அறைகள் நிறைந்த ஒரு சட்டகம் தோன்றும். முடிச்சுதோறும் ஒரு தைத்தேனிய அணுவை வைக்க. இரு முடிச்சுகளை இணைக்குங் கயிற்றின் நடுவில் ஓர் ஒட்சிசனையோ ஒரு புளோரினையோ வைக்க. இதுவே நம் சேர்வையின் அமைப்பு.

ஒவ்வொரு முடிச்சிலும் கூடும் கயிறுகள் ஆறு: முன், பின், வலம், இடம், மேல், கீழ் என. ஆகவே ஒவ்வொரு தைத்தேனியமும் ஆறு அயன்களாற் சூழப்பெற்று எண்முகி வடிவில் நிற்கின்றது. அடுத்தடுத்த எண்முகிகள் தம் மூலைகளால் மாத்திரம் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு கனசதுரத்துக்கு மூலை எட்டு. ஒவ்வொரு மூலையும் எட்டு அறைகளுக்குப் பொது. எனவே அறைக்கு ஒரு தைத்தேனியம். விளிம்பு பன்னிரண்டு, ஒவ்வொரு விளிம்பும் நான்கு அறைகளுக்குப் பொது, எனவே அறைக்கு மூன்று எதிரயன். அம்மூன்றனுள் ஒன்று ஒட்சிசன், இரண்டு புளோரின். விகிதம் மேற்கூறிய கணக்கோடு முற்றும் பொருந்துதல் காண்க.

அறையின் விளிம்பு ஏறக்குறைய 3.8 அங்ஸ்ரம் நீளமுடையது. அங்ஸ்ரம் என்பது மில்லிமீற்றரின் ஒரு கோடியில் ஒரு கூறு. அஃதாவது 0.38 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு மணியில், ஒரு பக்கத்தில் மாத்திரம் பத்து இலட்சம் அறைகள் வரிசையாக நிற்கும்.

எந்தக் கயிற்றில் ஒட்சிசன், எந்தக் கயிற்றிற் புளோரின் என வினவின், அதற்கு நிலையான ஒழுங்கு பளிங்கு முழுவதிலும் இல்லை என்பதே விடை. 'அறம்' என்பது 'அறன்' எனவும் வருதலை இலக்கணத்தார் போலி என்பர். ஈற்றிலே மகரம் நின்ற இடத்தில் னகரம் நின்றது. அதுபோல ஒட்சிசன் நிற்கும் இடத்திற் புளோரினும் நிற்கலாம். இரண்டும் பருமனில் ஏறக்குறைய ஒத்தன. போலியில் எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை. இங்கோ ஏற்றம் மாறும். ஆதலின் ஓரிடத்தில் ஒட்சிசன் மிகுந்தால் அண்மையிற் புளோரின் மிகுதல் வேண்டும். சராசரியாக ஒரு தைத்தேனியத்தைச் சூழ்ந்த ஆறனுள் ஒட்சிசன் இரண்டும் புளோரின் நான்குமாகும்.

இக்கலப்பை எக்ஸ்-கதிரால் வேறுபடுத்திக் காண்டல் அரிது. எக்ஸ்-கதிரைச் சிதறச் செய்பவை இலத்திரன்கள். ஒட்சிசன் அயனிலும் புளோரின் அயனிலும் இலத்திரன்கள் பத்தேயாதலின், இரண்டும் அக்கதிருக்கு ஒரு தன்மையனவாகவே தோன்றும்.

இன்னொரு செய்தி முதன்மையானது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் வெற்றிடம் உண்டு. பெரோவிஸ்கைற்று என்னுங் கல்சியக் கனியத்திலும் இத்தகைய சட்டகமே உளது. ஆனால் அங்கே அறையின் நடுவிற் கல்சியம் குடியிருக்கும். நம் சேர்வையிலோ அறை வெறிதாய்க் கிடக்கின்றது. அவ்வெறுமையின் பயனைப் பின்னர்க் கூறுவாம்.

ஆக்கும் முறைகள்

கருமணலினின்று தொடங்கின் முதற்படி இரும்பை நீக்குதல். இல்மனைற்றைச் செறிந்த சல்பூரிக்கமிலத்திற் கரைக்க, இரும்புச் சல்பேற்றும் தைத்தேனியச் சல்பேற்றும் உண்டாகும். கரைசலைக் குளிரச்செய்து இரும்புச் சல்பேற்றைப் பளிங்காக்கிப் பிரித்து, எஞ்சிய கரைசலை நீர்ப்பகுப்புக்கு உட்படுத்தி, வீழ்படிவைச் சுட்டெடுக்க, வெண்மையான தைத்தேனியவீரொட்சைட்டு கிடைக்கும். சுவர்ப்பூச்சு, காகிதம், பிளாத்திக்கு ஆகியவற்றுக்கு வெண்மை தருவது இப்பொடியே. கரிய மணலினின்று தூய வெண்மை பிறக்கும் வழி இது.

இரண்டாம் படியிற் புளோரினைச் சேர்த்தல் வேண்டும். அதற்கு மூன்று வழிகளைக் கூறலாம்.

முதல்வழி, தைத்தேனியவீரொட்சைட்டை ஐதரோபுளோரிக்கமிலத்திற் கரைத்து, அக்கரைசலை மெல்லச் சூடாக்கி வற்றவைத்தல். அமிலமும் நீரும் நீங்க ஒட்சிபுளோரைட்டு வெண்பொடியாக எஞ்சும். நீர்க்கரைசலிற் பெறும் பொடியில் ஐதரொட்சில் கூட்டங்களும் புகுந்து சில இடங்களைப் பிடித்துக்கொள்ளுதல் உண்டெனப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே தூய்மை வேண்டுவோர் நீரை விலக்கும் வழிகளை நாடுவர்.

இரண்டாம்வழி, தைத்தேனியநாற்புளோரைட்டை மட்டான அளவு நீருடன் தாக்கமுறச் செய்தல். நாற்புளோரைட்டு ஒன்றும் நீர் ஒன்றும் சேர, ஒட்சிபுளோரைட்டு ஒன்றும் ஐதரசன் புளோரைட்டு இரண்டும் விளையும். நீர் மிகுந்து வெப்பமும் ஓங்கின் ஒட்சிபுளோரைட்டும் நில்லாது. எஞ்சிய புளோரினையும் இழந்து வீரொட்சைட்டாகிவிடும். இடைநின்ற சேர்வையை இடையிலேயே நிறுத்துதலில்தான் ஆக்குவோன் திறமை உள்ளது.

மூன்றாம்வழி வியப்புக்குரியது. நாற்புளோரைட்டைச் சூடாக்கி ஆவியாக்கி, அவ்வாவியைச் சிலிக்காவின்மேற் செலுத்தினால், ஆவி இரண்டு பங்கும் சிலிக்கா ஒரு பங்கும் தாக்குற்று, ஒட்சிபுளோரைட்டு இரண்டு பங்கும் சிலிக்கன்நாற்புளோரைட்டு வாயு ஒரு பங்கும் பிறக்கும். கடலில் டயற்றம் என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை சிலிக்காவாலான நுண்ணிய ஓடுகளைத் தமக்குக் கட்டிக்கொள்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் சண்டேஜும் அவர்தங் குழுவினரும் அவ்வோடுகளின்மேல் இவ்வாவியைச் செலுத்தி ஒட்சிபுளோரைட்டாக்கி, பின்னர் ஈரங்கலந்த ஒட்சிசனிற் சூடாக்கி வீரொட்சைட்டாக மாற்றியதை 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொருள் இருமுறை மாறியும் ஓட்டின் வடிவம் மாறவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கூறாது விடல் தகாது. ஐதரோபுளோரிக்கமிலம் மிகக் கொடியது. கண்ணாடியையே கரைக்கும் இயல்பினதாதலின் அதனைத் தெப்பிளன் அல்லது பிளாற்றினக் கலங்களிலே வைப்பர். மென்மையான கரைசல் தோலிற் பட்டவுடன் நோவு தோன்றாதிருத்தலும் உண்டு. ஆயினும் அது உள்ளே ஊடுருவி, குருதியிலும் எலும்பிலும் உள்ள கல்சியத்தைப் பற்றி உயிருக்கே கேடு செய்யும். தக்க பாதுகாப்பும், கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு போன்ற மருந்தும், பயின்ற மேற்பார்வையும் உள்ள ஆய்வுகூடத்திலன்றி இதனைக் கையாளல் ஆகாது. பாடசாலையில் இதனைச் செய்து காட்ட எவரும் எண்ணற்க.

வெற்றறையின் பயன்

மேலே வெறிதாய்க் கிடப்பதாகக் கூறிய அறைகளை நோக்குவாம். இலிதிய அயன் மிகச் சிறியது. அது இச்சட்டகத்தின் வெற்றறைகளுட் புகவும் மீளவும் வல்லது. கைத்தொலைபேசியிலும் மின்வண்டியிலும் உள்ள இலிதியம் மின்கலத்தின் தொழிற்பாடு, அயன்கள் ஒரு பொருளினின்று நீங்கி மற்றொரு பொருளிற் புகுந்து மீளுதலேயாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ரெட்டி, மாதவி, சுப்பா ராவ், சௌதரி ஆகிய அறிஞர் தைத்தேனியம், நயோபியம் இரண்டன் ஒட்சிபுளோரைட்டுகளையும் மின்கல மின்வாயாகப் பயன்படுத்தி ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அளவுக்கு மிஞ்சி இலிதியத்தைச் செலுத்தின் சட்டகமே குலைந்துவிடும் என்பதும் இத்துறையில் அறியப்பட்டது. இன்றைக்கு இச்சேர்வை ஆய்வுகூடப் பொருளேயன்றிச் சந்தைப் பொருளன்று. ஆயினும் நுண்ணிய வீரொட்சைட்டுத் துகள்களை விரும்பிய வடிவில் ஆக்குதற்கு இஃது இடைப்பொருளாகப் பயன்படுகின்றது. அத்துகள்கள் ஒளியின் துணைகொண்டு நீரிலுள்ள மாசுகளைச் சிதைக்க வல்லன.

தீவும் மணலும்

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலனாகும். கரையிற் கிடக்கும் மணலுக்கும் ஆய்வுகூடத்து வெண்பொடிக்கும் இடையே படிகள் பல உள. ஒவ்வொரு படியிலும் பொருளின் விலை உயர்கின்றது. அப்படிகளுக்கு வேண்டியவை அமிலம், ஆலை, கழிவை அடக்கும் ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வி. நம் நாட்டிலே புல்மோட்டைக் கனியமணலை அகழ்தற்கு 1957 ஆம் ஆண்டில் அரசு கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஆயினும் அங்கு பிரித்தெடுக்கப்படுவது பெரும்பாலும் கனியமாகவே கப்பலேறுகின்றது. மேற்படிகள் பிறநாட்டில் நிகழ்கின்றன.

மன்னார்த் தீவிலும் அண்மை ஆண்டுகளிற் கனியமணல் தேடித் துளையிட்டு ஆராய்ந்தனர். 2025 ஆம் ஆண்டு ஆவணியில், காற்றாலைகளையும் மணலகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் நாட்கணக்காக அறப்போராட்டம் நடத்தினர். அவர்தம் அச்சம் அறியாமையால் எழுந்ததன்று. மணலைச் சூழ்ந்த தீவில் நன்னீர் எங்கிருந்து வருகின்றது? மழைநீர் மணலில் ஊறி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கைபன், ஹேர்ஸ்பேர்க்கு என்னும் இருவர் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடன்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு ஏறிவரும். தாழ்ந்த நிலமாகிய இத்தீவிலே கிணறும் பனையும் குடியும் நிலைபெற்றது மணல் தாங்கிய அந்நீரினாலேதான்.

ஆகவே அம்மணலில் இரு செல்வங்கள் உள. ஒன்று, நூற்றில் சில பங்காகக் கலந்து கிடக்கும் கருங்கனியம். மற்றொன்று, மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் தங்கிய நன்னீர். பளிங்கின் சிறப்பு அதன் வெற்றறையில் இருத்தல்போலத் தீவின் வாழ்வும் மணலிடை வெற்றிடத்தில் உள்ளது. முதற்செல்வத்தை எடுக்குங்கால் இரண்டாவது கெடுமா, கெடாதா? எவ்வளவு ஆழத்துக்கு அகழ்வர்? பிரித்தபின் எஞ்சிய மணலை எங்கே, எவ்வாறு மீள நிரப்புவர்? மேற்படிகளில் எத்தனை இந்நாட்டில் நிகழும்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் அறிக்கைகள் அத்தீவினர் படிக்கத்தக்க தமிழில் அவர்கையிற் சேர்தல் வேண்டும். சேர்ந்தபின்னரே அவர்தம் உடன்பாடும் மறுப்பும் பொருளுடையனவாகும்.

நமது கல்லூரியின் பழைய மாணவருள் இரசாயனம் கற்றோர், நிலவியல் கற்றோர், பொறியியலாளர், நீரியல் வல்லுநர் பலர் உளர். அவருள் ஒருசிலரேனும் ஆண்டுக்கொருமுறை மன்னார்த் தீவின் பாடசாலைகளுக்குச் சென்று, அங்குள்ள மாணவர்க்கும் பெற்றோர்க்கும் தம் துறையைத் தமிழில் எடுத்துரைப்பாராக. இல்மனைற்று என்னுஞ் சொல்லைக் கேட்ட சிறுவன் அதன் இரும்பையும் தைத்தேனியத்தையும் ஒட்சிசனையும் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்தவனாயின், நாளை அவனூர் மணலைப் பற்றிப் பேசும் அவையில் அவனுக்கும் ஓர் இருக்கை இருக்கும்.